ஜப்பான் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

மார்த்தாண்டம்,
5-12-1956

பாசமுள்ள மகன் குமாரதாசுக்கு அம்மா நேசம்மாள் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை பூங்கனியும் நல்ல சுகம், கடல் கடந்து கிடக்கிற நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறோம். கோபே பட்டணத்தில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. அப்பாவின் தேன்பெட்டிகளில் இரண்டிலிருந்து ஈக்கள் பறந்துபோய்விட்டன, அந்தத் துக்கத்தில் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, இப்போது தேறிவிட்டார். அதெல்லாம் கிடக்கட்டும். உன் தங்கை ஜெயித்துவிட்டாள் மக்கா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் உன்னைத் திட்டவேண்டியது இருக்கிறது.

அக்டோபரில் வந்த பார்சலில் பூங்கனிக்கென்று ஒரு படக்கதைப் புத்தகம் வைத்திருந்தாயே, பந்து விளையாடும் பெண்பிள்ளையின் கதை, அதை எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்தா போகும்? எழுத்து ஒன்றும் புரியாத நாங்கள் நம் வேதப்புத்தகத்தைத் திறப்பதுபோலத்தான் அதையும் திறந்தோம். முதல் படத்தில் அந்தப் பெண் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பெரிய கோப்பை ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், காலடியில் கடா அளவுக்கு ஒரு நாய். பக்கம் போகப்போக அவளுக்கு அடிபடுகிறது, தோற்கிறாள், தகப்பன் பந்தைப் பிடுங்கி ஒளித்துவைக்கிறான், கடைசிப் படத்தில் நீளப் பின்னலோடு வேலிக்கு வெளியே நின்று பையன்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. ஏனென்றால் ராகேல் டீச்சர் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டி ஒரு கால்பந்து அணி சேர்த்திருந்தார், அறுப்புப் பண்டிகையன்று இனயத்துப் பெண்பிள்ளைகளோடு போட்டி என்று முடிவாகியிருந்தது, உன் தங்கை சோறு தண்ணீர் மறந்து அதே நினைப்பாகத் திரிந்தாள். நான்காம் பாரம் படிக்கிற பிள்ளை தினமும் முழங்காலில் ரத்தத்தோடு வந்தால் பெற்றவளுக்குப் பொறுக்குமா? அந்த ஞாயிற்றுக்கிழமையே புத்தகத்தை என் ஓய்வுநாள் பள்ளி வகுப்புக்கு எடுத்துப்போனேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒவ்வொரு படமாகக் காட்டி, கோப்பை வாங்கியதும் அவளுக்குத் தலைக்கனம் வந்தது, அதற்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள், ஜப்பான்காரனுக்கே இது தெரிந்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அதன் பலன், மறுநாளே நாலு வீடுகளில் பிள்ளைகளை அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதினொன்றில் நாலு போனால் மீதி ஏழு, ஏழு பேரை வைத்துக்கொண்டு எங்கே விளையாடுவது, ஆட்டம் இல்லை என்று இனயத்துக்கு எழுதிவிடவேண்டியதுதான் என்று ராகேல் டீச்சர் சொல்லிவிட்டார்.

பூங்கனி அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். அவள் மூன்று நாள் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் காலையில் நான் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது வந்து என் முன்னால் உட்கார்ந்து, எம்மா, மொதப் படத்துல இந்தப் பட்டி கடா மாதிரி நிக்கி, கடைசிப் படத்துல குட்டியாட்டு அவ கைக்குள்ள இருக்கு, வளந்த பட்டி திரும்பக் குட்டியாவுமா என்று கேட்டாள். அது வேறு நாயாக இருக்கும் ஏட்டி என்று நான் சமாளித்துப் பார்த்தேன். அவள் இரண்டு படத்திலும் விரல் வைத்துக் காட்டினாள், ஒரே காது கறுப்பு. பிறகு புத்தகத்தைப் பின்பக்கமிருந்து திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். வேலிக்கு வெளியே நின்ற பெண் உள்ளே போகிறாள், தகப்பன் ஒளித்துவைத்த பந்தைத் தானே எடுத்துக் கொடுக்கிறான், அவள் விழுகிறாள், எழும்புகிறாள், பின்னலை வெட்டுகிறாள், நாய் வளர்கிறது, கோப்பை கைக்கு வருகிறது. கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினேன். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, நேசம், ஒரு மணிக்கூர் பிரசங்கத்தையும் நீ தலைகீழாட்டாக்கும் பண்ணியிருக்க என்றார். அந்த மனிதரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் மக்கா, அந்த வேலியோரத்து முகத்தை முதல் படமாகப் பார்த்தபோது அந்தத் தாளைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. பூங்கனி வயதில் நானும் நன்றாக ஓடுவேன், பள்ளிக்கூடத்தில் என்னை முந்த ஆளில்லை, பெரிய மனுஷியானதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நான் கெடுத்ததை நான்தானே சரிசெய்யவேண்டும். புத்தகத்தைக் குடைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்த நாலு வீட்டுக்கும் நடந்தேன். மூன்று வீட்டில் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். கோல் காக்கிற நேசபாயின் தாய் தாணம்மாள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, போன ஞாயிறு ஒண்ணு சொன்னிய, இன்னைக்கு வேற ஒண்ணு சொல்லுதிய, இதுல எதை நம்பணும் என்று கேட்டாள். என்னை நம்பவேண்டாம், இந்த நாயை நம்பு என்று படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள், பிள்ளையை அனுப்பினாள். அடுத்த ஞாயிறு அதே நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, உங்கள் டீச்சர் தப்பான பக்கத்திலிருந்து வாசித்துவிட்டேன் என்று சொல்லிக் கதையை முதலிலிருந்து காட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பா தேன் வடிகட்ட வாங்கிவைத்திருந்த வெள்ளைத் துணி முழுவதையும் வெட்டி, பதினொரு பேருக்கும் முழங்கால் மறைகிற கால்சட்டை தைத்தேன். அவர் பெருமூச்சு விட்டதோடு சரி.

போன சனிக்கிழமை ஆட்டம். இனயத்துப் பிள்ளைகள் கடற்கரை மணலில் ஓடி வளர்ந்தவர்கள், ஒவ்வொருத்தியும் கல் மாதிரி இருந்தாள், வந்து கால் மணி நேரத்துக்குள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு மழை பிடித்தது. மைதானம் செம்மண் குழம்பாகிவிட்டது, அதில் நம் பிள்ளைகள் பழகியவர்கள். நேசபாய் சேற்றில் புரண்டு புரண்டு மூன்று பந்தைத் தடுத்தாள், ஒவ்வொரு தடவையும் தாணம்மாள் என் தோளில் ஓங்கி அடித்தாள், இன்னும் வலிக்கிறது. இடைவேளைக்குப் பிறகு நம் பிள்ளைகளும் ஒரு கோல் போட, சமமாயிற்று. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பூங்கனி இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாவது ஆள் தள்ளிவிட்டதில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே எழும்பி அடித்தாள் மக்கா, பந்து உள்ளே போய்விட்டது! நான் எப்போது ஓலைவேலியைத் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. விசில் ஊதுகிற டிரில் மாஸ்டர் ஓடிவந்து, அம்மா நீங்க வெளிய போனாத்தான் ஆட்டம் நடக்கும் என்று கும்பிட்டுக் கேட்டபோதுதான் மைதானத்துக்குள் குடையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று புரிந்தது. இரண்டுக்கு ஒன்று. பரிசு கொடுக்கக் கோப்பைக்கு எங்கே போவது, பண்டிகைக் காணிக்கையாக வந்ததில் பெரிய மட்டி வாழைக்குலை ஒன்றை ஏலத்தில் விடாமல் நம் சபை ஐயர் எடுத்துக் கொடுத்தார். உன் தங்கை சேறு வழிய அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து தண்டு மட்டும் மிஞ்சுகிறவரை தின்று தீர்த்தார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து இனயத்து மணலில் மறு ஆட்டம், எங்கள் மண்ணுக்கு வந்து பாருங்கள் என்று சவால் விட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவது நான்தான், யாரும் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போ, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து ஒரு மாதமாகிறது, இனி உறையில் திருவிதாங்கூர் என்று எழுதாமல் கன்னியாகுமரி ஜில்லா என்று எழுது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. மறக்காமல் ஒரு காரியம் செய். அந்தப் பெண் கோப்பையோடு நிற்கிற படத்தின் கீழே ஜப்பான் எழுத்தில் ஒரு சின்ன வரி இருக்கிறது, பூங்கனி அதைப் பார்த்து எழுதிய தாளை உள்ளே வைத்திருக்கிறேன். அடுத்த புத்தகம் வரும் என்றுதான் அதில் போட்டிருக்கும் என்று அவள் தினமும் சொல்லுகிறாள். யாரிடமாவது காட்டிக் கேட்டு எழுது. ஒருவேளை கதை முடிந்தது என்று போட்டிருந்தால் அதை அவளுக்கு எழுதாதே, எனக்கு மட்டும் எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாயிருக்கும் அம்மா,
ச. நேசம்மாள்