அனுப்பிரியா கையால் பேசுவாள்

அனுப்புநர்:
லோகேஸ்வரி த/பெ வேலாயுதம்,
பள்ளி வேன் ஓட்டுநர்,
எண் 3-12, தாமான் மெலாத்தி அடுக்குமாடி,
கிள்ளான், சிலாங்கூர்.

பெறுநர்:
உயர்திரு பக்தவத்சலம் அவர்கள்,
வருகை நீதிபதி,
சுங்கை தெராத்தாய் சிறைச்சாலை.

பொருள்: காது கேளாத ஒன்பது வயதுச் சிறுமி தன் தந்தையுடன் சைகை மொழியில் பேசுவதைத் தடுத்தது குறித்தும், அந்தப் பேச்சைக் குற்றமாக எழுதிய அறிக்கையை நீக்குவது குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தச் சிறைச்சாலைக்கு மலாய் மொழியில் மூன்று கடிதங்கள் எழுதினேன். மார்ச் 12, ஏப்ரல் 3, ஏப்ரல் 28. ஒன்றுக்கும் எழுத்தில் பதில் வரவில்லை. கைதிகளின் குறைகளைக் கேட்க நியமிக்கப்பட்டவர் தாங்கள் என்றும், தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்றும் அறிந்தேன். ஆகவே எனக்குத் தடையில்லாமல் எழுதவரும் மொழியில் எழுதுகிறேன். மலாய் நகல் ஒன்று சிறை இயக்குநருக்கும் போகிறது. அவருக்குத் தெரியாமல் நான் எதையும் செய்வதாக இல்லை.

1. சிறையில் இருப்பவன் என் தம்பி விமலன், வயது 34. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். சரக்கு திருட வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான். ஐந்து ஆண்டுத் தண்டனை. திறந்தது உண்மை, தண்டனையும் நியாயம். அதைப் பற்றி எனக்கு முறையீடு எதுவும் இல்லை.

2. அவன் மகள் அனுப்பிரியா. இரண்டு வயதில் வந்த மூளைக் காய்ச்சல் அவளுடைய கேட்கும் திறனை எடுத்துக்கொண்டது. தாய் மலர் கோவிட் காலத்தில் இறந்துவிட்டாள். மகளுக்காக விமலன் சைகை மொழி கற்றான். சனிக்கிழமைதோறும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸில் நடக்கும் வகுப்புக்குப் போவான். கன்னத்துக் குழியில் இரண்டு விரலை வைத்தால் அது அவள் பெயர். அந்தப் பெயரை வைத்தவன் அவன்தான். அவன் உள்ளே போன நாளிலிருந்து அவள் என்னுடன் இருக்கிறாள். நானும் அதே வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். என் கை அவன் கை அளவுக்கு ஓடாது.

3. பதினான்கு மாதம் தவறாமல் அவளைச் சிறைக்கு அழைத்துப்போனேன். பார்வையாளர் அறையில் நடுவே கண்ணாடி, இரு பக்கமும் தொலைபேசி. அவர்கள் இருவரும் தொலைபேசியைத் தொடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகள் பேசும். அப்போதிருந்த அதிகாரி தடுத்து ஒரு சொல் சொன்னதில்லை. ஒருமுறை, எல்லாக் குடும்பமும் இப்படி அமைதியாகப் பேசினால் தமக்குத் தலைவலி வராது என்று சிரித்தார்.

4. கடந்த மார்ச் 8, சனிக்கிழமை. புதிய அதிகாரி இருந்தார். பள்ளி நீச்சல் போட்டிக்குத் தான் தேர்வானதை அனுப்பிரியா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகாரி வந்து கண்ணாடியைத் தட்டினார். கையசைக்கக் கூடாது, தொலைபேசியில்தான் பேசவேண்டும் என்றார். பிள்ளைக்குக் காது கேட்காது என்று சொல்லி, மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டினேன். விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லி, தொலைபேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஐயா, அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டாள். வைக்காவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். பன்னிரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்து அப்பாவின் வாயைப் பார்த்தாள். அவனும் எதையோ பேசினான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கண் நிறைந்ததும் அவன் பொறுக்கமாட்டாமல் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, பிறகு 'அழாதே' என்று கையால் சொன்னான். இரண்டு சொல். அதற்குள் காவலர்கள் அவன் தோளைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.

5. அந்தச் செயல் 'ரகசிய சமிக்ஞை' என்று அறிக்கையில் எழுதப்பட்டது. மூன்று மாதம் குடும்பத்தாரைப் பார்க்கத் தடை விதிக்கப்பட்டது. நான் அட்டையின் நகலோடு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காது கேட்காது என்றுதான் அட்டையில் இருக்கிறது, தகப்பனுக்கு வாய் பேச வருமே என்றார். என் வேனில் வரும் ஆறு வயதுப் பிள்ளைகள்கூட இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

6. தடை விமலனுக்கு என்று அவர்கள் நினைத்தார்கள். தன் கையால்தான் அப்பாவுக்குத் தண்டனை வந்தது என்று அனுப்பிரியா முடிவுசெய்துகொண்டாள். வீட்டில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். பசித்தால் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். பள்ளி ஆசிரியை என்னை அழைத்து, ஐந்து வாரமாக வகுப்பில் ஒன்றுமே சொல்லவில்லை என்றார். நீச்சல் போட்டிக்கும் அவள் போகவில்லை. பேசத் தெரிந்த பிள்ளை ஊமையானது இந்தச் சிறையின் வாசலில்தான். இதை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

7. மே மாதம் விமலனிடம் ஒரு காகிதம் நீட்டப்பட்டது. தான் காட்டியது ரகசியக் குறிதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் தடையை உடனே நீக்குவதாகச் சொன்னார்கள். அவன் மறுத்தான். அதற்காக அவனுக்கு நன்னடத்தைக்காகக் கிடைக்கவேண்டிய தண்டனைக் கழிவில் ஒரு மாதம் பிடிக்கப்பட்டது. எனக்கு எழுதிய கடிதத்தில் இப்படிச் சொல்கிறான்: "அக்கா, நான் செஞ்சதுக்கெல்லாம் கோர்ட்ல ஆமான்னு சொன்னேன். எம்மவ பேசுறத திருட்டுப் பேச்சுன்னு மட்டும் எழுதிக் குடுக்க மாட்டேன். இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்." அவன் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட இடங்கள் குறைவு. இது ஒன்று.

8. தடை முடிந்து ஜூன் 14 அன்று போனோம். கவுண்டரில் ஓர் உறுதிமொழிப் படிவம் வைத்திருந்தார்கள். பிள்ளை கையசைக்காமல் இருப்பாள் என்று நான் கையெழுத்திட வேண்டும். அங்கிருந்த தமிழ்க் காவலர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் பெயரை எழுதமாட்டேன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"அக்கா, சைன் பண்ணிட்டு உள்ள போயிருங்க லா. அப்புறம் பிள்ளை கைய அசைச்சா யாரு பாக்கப் போறா?"

"முன்னாடியும் யாரும் பாக்கலதான், தம்பி. பாத்த அன்னைக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

நான் கையெழுத்து இடவேண்டிய கோட்டின் மேல், 'இவள் பேசும் பிள்ளை. பேசமாட்டாள் என்று என்னால் உறுதி தர முடியாது' என்று மலாயில் எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

9. வேனுக்கு வந்ததும் அனுப்பிரியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் என்ன எழுதினேன் என்று முகத்தாலேயே கேட்டாள். சொன்னேன். உன் கையில் ஒரு தப்பும் இல்லை, அவர்களுக்கு உன் மொழி தெரியாது, அதுதான் விஷயம் என்றும் சொன்னேன். பிறகு மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கையை உயர்த்தினாள். 'தெரியாவிட்டால் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே?' என்று கேட்டாள். கோபமாகக் கேட்டாள். எனக்கு அந்தக் கோபம் போதும்.

10. ஐயா, அவள் கேட்டதில் என்ன பிழை? மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் மொழியாக இந்த நாட்டுச் சட்டம் 2008லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. நாங்கள் சலுகை கேட்கவில்லை. எழுதிய பொய்யைத் திரும்பப் பெறச் சொல்கிறோம். மார்ச் 8 அறிக்கை நீக்கப்பட வேண்டும். பிடித்த ஒரு மாதக் கழிவு திரும்பத் தரப்பட வேண்டும். அப்பாவும் மகளும் கையால் பேசலாம் என்று அந்த அறையின் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும், அடுத்த அதிகாரி மாறினாலும் மாறாதபடி. என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிக்க வேண்டுமானால் சைகை தெரிந்த ஒருவரை நிறுத்திக்கொள்ளட்டும், எங்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஆள் இல்லையென்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பு சனிக்கிழமை நடக்கிறது. அதிகாரியை என் வேனிலேயே ஏற்றிப்போய் இறக்கிவிடத் தயாராக இருக்கிறேன்.

11. வரும் ஜூன் 28, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் அனுப்பிரியாவும் வருவோம். உறுதிமொழியில் கையெழுத்திட மாட்டேன். எங்களைத் தடுப்பவர் தம் பெயரையும் எந்த உத்தரவின்படி தடுக்கிறார் என்பதையும் எழுதித் தரவேண்டும். அந்தக் காகிதத்தோடு வழக்கறிஞரிடம் போவேன்.

அன்று தாங்கள் அங்கே வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் நின்று ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் பேசுவதைப் பாருங்கள். பார்த்த பிறகும் அது குற்றம் என்று தோன்றினால், என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடமே சொல்லுங்கள். நான் மொழிபெயர்க்கிறேன்.

இடம்: கிள்ளான்
நாள்: 16 ஜூன் 2025

உண்மையுடன்,
(ஒப்பம்)
வே. லோகேஸ்வரி

இணைப்பு: மாற்றுத்திறனாளி அட்டையின் நகல், மூன்று கடிதங்களின் நகல், வகுப்பு ஆசிரியையின் கடிதம், விமலனின் கடிதம்.