பெரியப்பாவின் இடத்துக்கு யார்

சவாயி, சமோவா

அன்பு மகள் பெனினாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையில் சுகம். பிஜியில், சுவாவில் உன் இருமல் விட்டதா என்று தெரிந்தால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். மழை ஓயவில்லை, சேப்பங்கிழங்குத் தோட்டம் முழுக்கத் தண்ணீர்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா காலமானபின் காலியாக இருந்த குடும்பத் தலைவர் பட்டத்துக்காகப் போன வாரம் எல்லாரும் கூடினோம். அண்ணனுக்கு அடுத்து நான்தான் என்று இருபது வருஷமாக நினைத்திருந்தவன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நம் குடும்பத்தின் மற்றக் கிளைப் பங்காளி தாவிதா எழுந்து, "இது எங்க தாத்தாவோடது, உங்க கைக்கு வந்ததே தப்பு" என்று ஆரம்பித்தான். நம் ஆட்கள் விடுவார்களா, இரண்டு நாள் சண்டையிலேயே போயிற்று. கோர்ட்டு வரைக்கும் பேச்சு வந்தது, போனால் உறவு அத்தோடு சரி. அப்போதுதான் கிறிஸ்துமஸ் லீவில் நீ இரண்டு கிளை வீடுகளுக்கும் போய், இந்தப் பட்டம் யார் யாரிடம் இருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதிய கட்டுரை ஞாபகம் வந்தது. சத்தமாக வாசித்தேன். ஆறு தலைமுறையாக, கேட்டு வந்தவருக்குப் பட்டம் போகவில்லை, இரண்டு கிளையும் ஒத்துக்கொண்டவருக்கே போயிருக்கிறது என்ற இடத்தில் என் புதுச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். தாவிதா கட்டுரையை வாங்கிப் பார்த்தான். பிறகு, "எங்க தாத்தா பேரைச் சரியா எழுதினது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். அவளுக்கே குடுங்க, எங்களுக்குச் சம்மதம்" என்றான். நம் பக்கம் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மறைக்க மாட்டேன் மகளே, எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் எங்களுக்கும் சம்மதம் என்று சொன்னேன். அப்போது வந்த பெருமை, எனக்கே கிடைத்திருந்தாலும் வந்திருக்காது.

அரசியல் படிச்சு எங்க போய் நிக்கப் போற என்று உன்னைக் கேட்டவன் நான். தேவாலயத்தில் கேட்டவர்களிடம் வக்கீலுக்குப் படிக்கிறாள் என்று மூன்று வருஷம் புளுகினேன். இந்த ஞாயிறு எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன், அம்மா குனிந்துகொண்டு சிரித்தாள். தாவிதா வாசலில் வைத்து, "படிப்புக்கு வேலை கிடைச்சாச்சு, சம்பளம்தான் இல்ல" என்றான். நம் நாட்டில் குடும்பத் தலைவர் பட்டம் உள்ளவர்தானே தேர்தலில் நிற்க முடியும், அதையும் மெதுவாக யோசி. வேண்டாம் என்று தோன்றினாலும் எழுது, ஊர் என்ன சொன்னாலும் உன் பக்கம் நான் நிற்பேன். ஆனால் ஈஸ்டருக்குள் பதில் வரவேண்டும், அதற்குமேல் தாவிதா பொறுக்கமாட்டான்.

ஆண்டவர் உனக்குத் துணை இருக்கட்டும், நல்ல புத்தியும் உடம்பில் பலமும் தரட்டும். நீ சரி என்றால் பட்ட விருந்துக்கு அடுப்பு வேலை என்னுடையது, பன்றியைச் சுடுகல்லில் நானே வைப்பேன். பட்டம் இல்லாத ஆண்பிள்ளைக்கு அதுதானே வேலை. தலைவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. நீயோ ஒரு வாயை அரைமணி நேரம் மெல்லுகிறவள். அப்பாவுக்குப் பசி தாங்காது, இப்போதே சீக்கிரம் சாப்பிடப் பழகிக்கொள்.

உன் அப்பா,
சோலொமோனா