ஸ்பீக்கர் துளையில் காய்ந்த சந்தனம்

என் அருமை சாந்தி அண்ணிக்கு,

அங்கேயும் யாராவது உங்களைக் குறை சொல்கிறார்களா? சொன்னாலும் வாய் திறக்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அந்தப் பொறுமையில் கால்வாசிகூட எனக்கு வரவில்லை.

நேற்று உங்கள் மகள் கவிதா, கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். கட்டிலில் இருந்த அம்மா உடனே ஆரம்பித்துவிட்டார்: "ஒங்கம்மா மாதிரி ஒயரைப் புடிச்சி இஸ்து உட்டியா?" இருபத்தைந்து வருடமாக அம்மா சொல்லிவரும் அதே கதை. நேற்று என்னால் சிரிக்க முடியவில்லை அண்ணி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆயுதபூஜை, நம் கொரட்டூர் வீடு. கம்ப்யூட்டரை நகர்த்தித் துடைத்தது நீங்கள். ஒயர்களைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் சந்தனப் பொட்டு வைத்தது நான். மறுநாள் மஸ்கட்டிலிருந்து அண்ணனின் நண்பர், அண்ணன் குரல் பதிந்த சிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகு பிறந்தவள் கவிதா. அப்பா குரலை அவள் கேட்டதே இல்லை.

சிடி சுற்றியது, திரையில் நிமிடம் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை. "இவ நவுத்தினா, அதான் கெட்டுப்பூட்ச்சு. இனிமே அதுங்கிட்ட போவாதே" என்று அம்மா கத்தினார். உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

வீட்டிலேயே கம்ப்யூட்டர் படித்தவள் நான்தானே! சவுண்டு டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். செட்டிங்கையெல்லாம் கலைத்தேன். ஹார்டு டிஸ்க்கையே அழித்துப் புதிதாகப் போடலாம் என்று ஃபிளாப்பியைத் தேடியபோது என் கையைப் பிடித்தீர்கள்.

"மல்லிகா, எல்லாத்தையும் ஒண்ணா நோண்டாதே. ஒண்ணை மாத்து, பாரு. அப்பால அடுத்தது."

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்கச் சின்னச் சின்ன உதிரி பாகங்களை அளவு பார்க்கும் வேலை உங்களுக்கு. ஸ்பீக்கரைக் கழற்றி என் வாக்மேனில் செருகினீர்கள், பாடியது. "ஸ்பீக்கர் நல்லாக் கீது." வாக்மேனின் இயர்போனைக் கம்ப்யூட்டரில் செருகினீர்கள், ஊமை. பிறகு குனிந்து பார்த்துச் சொன்னீர்கள்: "பின்னு முழுசா உள்ள போவல பாரு. வெள்ளி வெளியத் தெரியுது."

டார்ச் அடித்தபோது துளைக்குள் என் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. திருகாணி, துளை என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்திருந்த மகாராணி நான்! மின்சாரத்தை நிறுத்தி, குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தீர்கள். பின் உள்ளே போய் உட்கார்ந்தது.

"கவிதாக்கண்ணு, அப்பா பேசுறேன்டா." குழந்தை ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தட்டினாள்.

"இன்னா ஆச்சு அதுக்கு?" என்றார் அம்மா. என் முகம் வெளிறியதைப் பார்த்தீர்கள். "ஒயர் லூசா இருந்திச்சி அத்தே. நாந்தான் இழுத்துட்டேன் போல" என்றீர்கள். எப்படி அண்ணி அவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள்? அவ்வளவு கெட்டிக்காரத்தனமும் அவ்வளவு பெரிய மனசும் ஒரே ஆளிடம் இருந்ததை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

நேற்று கவிதாவின் ஸ்பீக்கரைச் சரிசெய்து, அவளை அனுப்பிவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவ உனக்கோசரம் சொல்லல. நீ யாருக்கோசரம்டி சொல்லல?"

எனக்கோசரம்தான் அண்ணி. கம்ப்யூட்டர் படித்தவள் என்ற பேருக்காக.

வருகிற ஆயுதபூஜைக்கு அண்ணனும் சொந்தக்காரர்களும் வருகிறார்கள். கவிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சந்தனம் வைத்தவள் நான், சத்தத்தைக் கொண்டுவந்தவள் உன் அம்மா என்று எல்லார் காதிலும் விழச் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் பேரில் பழி போட்டுவிட்டு உங்கள் நிழலிலேயே வளர்ந்த நாத்தனார்,
மல்லிகா