வெளிச்சத்தைக் குறைத்தவளுக்கு

உன் லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் வந்தது தைல வாசனைதான். கீபோர்டின் இடுக்கிலெல்லாம் அது ஊறிப்போயிருந்தது. நம் கடையில் நீ தைலம் தடவி நான் பார்த்ததே இல்லை. தலைவலி வந்தால் உனக்கு ஒரு டீ போதும்.

உன் அம்மாதான் கொண்டுவந்தார். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில், துணிக்கடைப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு திண்டிவனம் வரை வந்திருக்கிறார். உன் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் உட்காராமல் கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதோட ஸ்கிரீன் போயிடுச்சு கண்ணு. பாட்டு மட்டும் வரும், படம் வராது. கடைசி வரைக்கும் இந்தக் கருப்பு ஸ்கிரீன பக்கத்துல வெச்சிக்கினு பாட்டு கேட்டுக்கினே கெடந்தா. அத ரிப்பேர் பண்ணிக் குடுக்காம உட்டுட்டனே, அதான் நெஞ்ச அறுக்குது."

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. கடையில் ஒரு பாதி உன் டிசைன் மேஜை, மறுபாதி என் ரிப்பேர் மேஜை. ஸ்கிரீன் மாற்றுவதுதான் என் பிழைப்பு. உன் ஸ்கிரீன் கெட்டதை நீ என்னிடம் சொல்லவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நீ போனையே எடுக்கவில்லை. நேரில் வந்தால் அறைக்கதவு சாத்தியிருக்கும், தூங்குகிறாய் என்பார்கள். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரயிலேறித் திரும்பிவிடுவேன். செத்த பிறகும் அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை. இவ்வளவு பெரிய ராங்கி உனக்கு எதற்கு என்று மனத்துக்குள் தினமும் உன்னோடு சண்டைதான்.

சரி, என்ன கோளாறு என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஆன் செய்தேன். விசிறி சுற்றியது, தொடங்கும் ஓசை கேட்டது, ஸ்கிரீன் கருப்பு. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. படம் வருகிறது, பின்னாலிருந்து வெளிச்சம்தான் வரவில்லை. மூடியைக் கழற்றி, ஸ்கிரீனுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினேன். மாற்றமில்லை. கடை மானிட்டரில் மாட்டினால் பளிச்சென்று வந்தது. உன் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புது ஸ்கிரீன்தான் போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

விக்கிரவாண்டியிலிருந்து ஒருவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? "ஸ்கிரீன் செத்துப்போச்சுங்க" என்றார். நான் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ உன் பக்கத்திலிருந்து எட்டி, சூரியன் படம் போட்ட கீயை நாலு தட்டுத் தட்டினாய். "சாவலைங்கண்ணா. நீங்கதான் வெளிச்சத்தக் கொறச்சு வெச்சிருக்கீங்க." அவர் போன பிறகு நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எந்த மெஷின் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கீயைத்தான். உன்னுடையதில் பார்க்கவில்லை. நீ வெளிச்சத்தைக் குறைப்பாய் என்று யாராவது சத்தியம் செய்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். எப்போதும் முழு வெளிச்சம் உனக்கு. கண் கெட்டுப்போகும் என்று நான் கத்துவேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடும்போதெல்லாம், "செத்தவங்க மூஞ்சி இருட்டா இருந்தா ஊருக்கு அடையாளம் தெரியாதுடி" என்று போட்டோவை வெளுக்க வைத்துக்கொண்டே இருப்பாய். உன் போஸ்டரை விழுப்புரத்தில் வேறு யாரோ போட்டார்கள். முகம் இருட்டாகத்தான் இருந்தது.

வேறு வழி தெரியாமல்தான் அந்தக் கீயைத் தட்டினேன். லேசாகச் சாம்பல் நிறம் வந்தது. இன்னொரு தட்டு. படம் வந்துவிட்டது. முகப்பில் நம் கடைப் பலகை, நீ போட்ட டிசைன். உன் பெயர் பெரிதாக, என் பெயர் அதன் கீழே சின்னதாக.

எதுவும் கெட்டிருக்கவில்லை. நீயேதான் அணைத்து வைத்திருக்கிறாய். அந்தத் தைல வாசனை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"அவ்ளோதானா? என்னா கோளாறு?" என்றார் உன் அம்மா. கேபிள் லூஸ் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இவ்வளவு சின்ன வேலையைக்கூடச் செய்து தராமல் விட்டோமே என்று அவர் இன்னும் நொந்துபோவார். உண்மையைச் சொன்னேன்.

"கெடவே இல்லம்மா. வெளிச்சம் பட்டா தலவலி தாங்கலன்னு அவளே கொறச்சு வெச்சிருக்கா."

"அதான் ஜன்னல சாத்தச் சொன்னாளா" என்றார். பிறகு, "போனையும் கவுத்தே போட்டு வெச்சிருந்தா. எடுத்துக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குவா. யார்மேலயோ கோவம்னு இருந்துட்டேன்."

நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன். என் மெசேஜ் எல்லாம் ஒரு வெளிச்சமாக உன் கண்ணில் குத்தியிருக்கும், அவ்வளவுதான். நீ என்னை ஒதுக்கவில்லை என்று தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. கோபம் இருந்தவரை உன்னோடு பேச்சாவது இருந்தது. இப்போது சண்டை போடவும் நீ இல்லை. எனக்கு ஒன்றுமே இல்லை.

லேப்டாப்பைப் பையில் வைக்கப் போனேன். உன் அம்மா தடுத்தார். "அவ வெச்ச மாதிரியே கொறச்சுக் குடு கண்ணு."

பக்கத்துக் கீயைத் தட்டினேன். முதலில் என் பெயர் மங்கியது, பிறகு உன் பெயர். கருப்பானதும் அவரே மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இருண்ட ஸ்கிரீனோடு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். முதலில் அந்தக் கீயைத்தான் தட்டுகிறேன். சிலருக்கு உடனே வெளிச்சம் வந்துவிடுகிறது, வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. "வீட்ல யாருக்காவது தலவலிங்களா?" என்று கேட்கிறேன்.