பன்னிரண்டு நிமிஷம் முன்னால் ஓடிய வீடு

10-6-2025, செவ்வாய்

இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அத்தை. போனில் கோயம்புத்தூர் ஆபீஸ் கீர்த்தனா. ஆக நாலு பேர். இத்தனை பேர் முன்னால்தான் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்து அடித்தேன். லாகின் தோல்வி. நேற்றும் இதேதான்.

வீட்டிலிருந்தே அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய், பழைய பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடுகளை டைப் அடிக்கும் வேலை. மூன்று வாரம் ஆகிறது. பத்தாவதோடு நின்றவள் நான். டைப்பிங் யாரும் சொல்லித் தரவில்லை. நானே படித்து வாங்கிய முதல் வேலை.

கீர்த்தனா அங்கிருந்தே என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்ததும், "ஏத்தா, யாருமே தொடலையே!" என்று அத்தை பின்னால் போனார்.

"நெட் நல்லாத்தான்க்கா இருக்கு. நீங்கதான் பாஸ்வேர்டு தப்பா அடிக்கிறீங்க" என்றாள் கீர்த்தனா. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் என் இடம் வேறு ஆளுக்காம்.

தப்பா அடிக்கலை. நான் தப்பா அடிக்கவே இல்லை.

11-6, புதன்

மோடத்தை அணைத்துப் போட்டேன் — தோல்வி. போன் நெட்டில் போட்டேன் — தோல்வி. கீர்த்தனா கூப்பிட்டுப் புது பாஸ்வேர்டு தந்தாள் — தோல்வி. நேற்றைப் போலவே எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் ஏற்றினேன், பால் கணக்கு எழுதுகிற மாதிரி.

"விடு புள்ள. என்னையவே மில்லு வாட்ச்மேன் ஒம்பது கேள்வி கேட்டுத்தான் உள்ள விடுறான்" என்றார் இவர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

12-6, வியாழன்

அபிராமி தாயே, எங்கே தப்பு என்று மட்டும் காட்டு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

13-6, வெள்ளி

விளக்கேற்றிவிட்டு நோட்டை எடுத்தேன். கணக்கு இடித்தது. செவ்வாயன்று கீர்த்தனா கூப்பிட்டது 10.32 என்று எழுதியிருக்கிறேன். போனில் பார்த்தால் 10.20. புதன், நோட்டில் 11.17. போனில் 11.05. இரண்டிலும் பன்னிரண்டு நிமிஷம். நோட்டில் எழுதியது எல்லாம் கம்ப்யூட்டர் மூலையில் பார்த்த நேரம்.

ஐயோ — நான்தான்!

எங்கள் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் ஓடும். இவருக்கு ஷிஃப்ட் பஸ் தவறக் கூடாதென்று அத்தை வைத்தது. போன ஞாயிறு கம்ப்யூட்டரைத் துடைத்தபோது, ஒரே வீட்டில் இரண்டு நேரம் எதற்கு என்று அதையும் முன்னால் தள்ளி வைத்தேன். திங்களிலிருந்து தோல்வி. இன்னும் வராத நேரத்திலிருந்து ஒருத்தி வந்து கதவைத் தட்டினால் ஆபீஸ் கம்ப்யூட்டர் எப்படி நம்பும்?

நேரத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் பொத்தானைப் போட்டேன். பாஸ்வேர்டு அடித்தேன். உள்ளே போய்விட்டேன். முதல் தடவையிலேயே!

கீர்த்தனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா நம்ம சர்வர் விடாதுக்கா. உங்க ஸ்கிரீனை நானும்தானே பார்த்தேன், அந்த மூலையைப் பாக்கலையே! சாரிக்கா."

தப்பு செய்தது நான். கண்டுபிடித்ததும் நான். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

அத்தை சொன்னது: "அதுக்காகச் சுவர்க் கடிகாரத்துல கைய வச்சுராத. அவன் பஸ்ஸ விட்ருவான்."

19-6, வியாழன்

ஒட்டன்சத்திரத்திலிருந்து தங்கமுத்து என்று ஒரு பெண் கூப்பிட்டாள். இதே வேலைதான் செய்கிறாளாம். கீர்த்தனா என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். "ஏனுங்க அக்கா, காலைல இருந்து உள்ள விடமாட்டேங்குதுங்க." குரல் அழுகிற மாதிரி இருந்தது.

நேரம் கேட்டேன். சரியாக இருந்தது. "பாஸ்வேர்டு இடத்துல வேண்டாம் கண்ணு. வேற எங்கயாச்சும் நாலு எழுத்து அடி. என்ன வருது?"

"தமிழ்ல வருதுங்க்கா."

நேற்று பதிவேட்டுப் பெயர்களை அடிக்கத் தமிழுக்கு மாற்றிய கீபோர்டை அப்படியே விட்டிருக்கிறாள். இங்கிலீஷுக்கு மாற்றச் சொன்னேன். செத்த நேரத்தில் உள்ளே போய்விட்டாள். "நீங்க ஆபீசருங்களா?" என்று கேட்டாள். இல்லை, சின்னாளபட்டியில் சமைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தே போயிருந்தது. பரவாயில்லை.

23-6, திங்கள்

தங்கமுத்துக்குப் பிறகு இன்னும் மூன்று பேர். நாலு பேரும் உள்ளே. காலையில் ஆபீஸுக்கு நான் அனுப்பியதை இங்கே படி எடுத்து வைக்கிறேன்:

"வணக்கம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு லாகின் சிக்கல் வந்தால் முதலில் என்னிடம் அனுப்புங்கள். இதுவரை வந்த தோல்வி, அதன் காரணம், சரிசெய்த விதம் எல்லாம் என் நோட்டில் தேதியோடு இருக்கின்றன. டைப்பிங்கோடு இந்த வேலையையும் எனக்குத் தருவீர்களா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள். — மு. சூர்யகலா"