மீன் எண்ணெய் பூசிய கார்

ஜனவரி 12, ஞாயிறு

மீமிசல் போய் வந்தேன். ரஹீமா பீவி அக்கா வீட்டுக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தேன். அறுபத்து நாலு மாடல் ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, மடக்குகிற துணிக்கூரை, கம்பி வீல். அக்காவின் கணவர் இப்ராஹிம் பாய் இறந்து மூன்று வருடமாக மூடியே கிடக்கிறது. அதை விற்றுத்தான் மகள் பவுசியாவை ஜூனில் நர்சிங் சேர்க்க வேண்டுமாம். "ஒர்க்‌ஷாப் ரகுநாத் நீங்க பாத்துச் சொன்னா சரியா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க தம்பி" என்றார்.

கடற்கரை ஊர். உப்புக் காற்றில் அடிச்சட்டம் துருவேறி இத்துப் போயிருக்கும் என்று நினைத்துத்தான் கீழே படுத்தேன். காந்தம் வைத்த இடமெல்லாம் ஒட்டியது, பட்டி பூசி மறைத்த ஓட்டையே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், இறங்கவில்லை. படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயை பாய் வருடா வருடம் அடியில் பூசியிருக்கிறார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. இரும்போ புதுசு! இருபது வருடமாக இப்படி ஒரு வண்டிக்கு ஏங்கியவன் நான்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "அடிச்சட்டம் போயிருச்சுக்கா. ஓடுறப்ப ரெண்டாப் பிளந்துக்கும்." விலை இறங்கினால் நானே எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அக்கா முகம் செத்துப்போனது. அப்புறமும் சீலா மீன் குழம்போடு சோறு போட்டார். வெட்கமில்லாமல் ரெண்டாவது தடவையும் வாங்கித் தின்றேன்.

ஜனவரி 13

ஒருத்தர் பைக்குக்குப் புதுச் செயின் வேண்டாம், பழையதே தாங்கும் என்று சொல்லி அனுப்பினேன். யோக்கியனாம் நான்!

ஜனவரி 19, ஞாயிறு

அக்காவுக்குப் போன் செய்தேன். பழைய இரும்பு விலைக்கு நானே எடுத்து, வெல்டிங் வைத்து ஓட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி. வழியில ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க வீட்டுக்காரிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதோடு விடவில்லை. வாங்க வந்த மூணு பேரிடமும் வாசலிலேயே சொல்லிவிட்டாராம், அடிச்சட்டம் போச்சு என்று. குறையை மறைத்து விற்றால் ஹராம் என்றார். மூணு பேரும் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

அடப்பாவி! இது எனக்குத் தோன்றவே இல்லையே. குறை சொன்னால் விலை இறங்கும் — எனக்குத் தெரிந்த வியாபாரம் அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பொண்டாட்டியிடம் கொட்டிவிட்டேன். "அவுங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டா இப்படிப் பண்ணீங்க? மொதல்ல போயிச் சொல்லிட்டு வாங்க" என்றாள் வனிதா. அடுத்த வாரம் போறேன், கடையில் வேலை கிடக்கிறது என்றேன். வேலையாவது மண்ணாவது. பயம்.

பிப்ரவரி 9

போகவில்லை.

பிப்ரவரி 12, புதன்

போனேன். கொட்டகை காலி. பழைய இரும்புக்காரர் நேற்று வந்து அங்கேயே அறுத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார். "அந்த அடிச்சட்டம் லேசுல அறுபடல, அரை நாளு இழுத்துருச்சு" என்றாள் பவுசியா, சாதாரணமாக.

அக்கா ஸ்டியரிங்கைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "நீங்க மட்டும் உண்மையச் சொல்லலன்னா ஒரு உசுரு போயிருக்கும் தம்பி. அவுக ஞாபகமா வச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. நானெல்லாம் ஒரு மனுசனா?

பிப்ரவரி 16, ஞாயிறு

ஸ்டியரிங்கைக் கொண்டுபோய் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. பவுசியா படிப்புச் செலவு முழுக்க என் பொறுப்பு என்றேன்.

"அதப் பெறகு பேசலாம். மூணு பேருகிட்ட என் வாயால பொய் சொல்ல வச்சுட்டீங்களே! மொதல்ல அதத் தீருங்க. போன்ல வேணாம், நேர்ல போயிச் சொல்லுங்க."

பவுசியா மூணு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மணமேல்குடி சாதிக் பாட்சா "சரி, போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஆவுடையார்கோவில் உதயசூரியன், கடை வாசலில் நாலு பேர் கேட்க, "ஒன்ன நம்பி இனிமே எவன்யா வண்டி விடுவான்?" என்றார். நியாயம்தானே.

மார்ச் 2, ஞாயிறு

மூன்றாவது ஆள் ரெங்கராஜ் சார், புதுக்கோட்டை. ரிட்டயர்டு வாத்தியார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். மீமிசல் கார் விஷயமாக வந்தேன் என்றதுமே செல்போனில் அந்தக் காரின் படத்தை எடுத்துக் காட்டினார். இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

குனிந்தபடியே ஆரம்பித்தேன். "சார், அந்த வண்டியில ஒரு குறையும் இல்ல. அடிச்சட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

வண்டியை அறுத்துப் போட்டதைச் சொல்வதற்குள் மனுசன் எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா! இருங்க, சட்டைய மாட்டிக்கிட்டு வாரேன். இப்பவே மீமிசல் போயிருவோம்."

உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.