ஜமீலாவிடம் ஒரு ரவுண்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட இரண்டு துண்டும் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில். தூறல் பேருக்கு.

வேலை: கரண்ட் ஆபீஸ். இவருக்கு பி.பி. மாத்திரை. தோசைக்கல்லுக்குக் கைப்பிடி.

ஜமீலா ஊரை விட்டுப் போகிறாள். கவிதா வந்து சொன்னாள். (மருமகள். வாசகசாலை அவள் பொறுப்பில்.) 17, ஞாயிறு. ஜமீலாவின் மகளுக்குத் தேவிகுளம் தாலுக்கா ஆபீஸில் வேலை. இனி அங்கேயே.

பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு நாங்கள். இப்போது இருபத்தைந்து வருஷமாக "வாங்க டீச்சர்", "போங்க டீச்சர்". அவ்வளவுதான். காரணம் நான்.

புருஷன் இறந்த பிறகு வீட்டு முன்னறையில் நாலு டி.வி. வைத்து கேம் கடை நடத்தினாள். என் எட்டாம் வகுப்பில் ஆள் குறைந்தது. ஸ்டாஃப் ரூமில் பேச்சு. நான் மனு எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, பஞ்சாயத்தில் கொடுத்து, கடையை மூட வைத்தேன். மூடியும் வகுப்பு நிறையவில்லை. பசங்கள் வாய்க்காலில். பின்னால்தான் தெரிந்தது, யூனிஃபார்மோடு வந்தவனை அவள் படியேற விட்டதே இல்லை. வாசலில் போர்டு வேறு. நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அறிவியல் டீச்சர். "பார்க்காமல் முடிவு எழுதாதே" என்று எத்தனை நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்.

அவள் போவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கவிதாவோடு ஜமீலா வீட்டுக்கு. வீடெங்கும் அட்டைப் பெட்டி. பரணிலிருந்து இறக்கிய பழைய கேம் பெட்டியையும் ஒரே ஒரு கேசட்டையும் வாசகசாலைக்கே கொடுத்துவிட்டாள். ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்றின் சண்டை கேம். அதே தொடரின் படங்களைத்தான் கவிதா சனிக்கிழமை தோறும் போடுகிறாள்.

"ஜமீலா, அந்த மனு விஷயம்..."

"சக்கரை போதுமுங்களா டீச்சர்?"

இரண்டாம் தடவை ஆரம்பித்தேன். "மழையே காணமுங்க" என்றாள்.

கவிதாவுக்குப் பொறுக்கவில்லை. "அத்தை என்னமோ சொல்ல வர்றாங்க, கேளுங்களேன்."

ஜமீலா கேம் பெட்டியைக் காட்டினாள். "இதுல டீச்சர் என்னைய ஒரே ஒரு ரவுண்டு ஜெயிக்கட்டும். அப்புறம் என்ன சொன்னாலும் உக்காந்து கேக்கறேன்."

கவிதா சிரித்தாள். ஜமீலா சிரிக்கவில்லை. நான் சரி என்றேன். 16-ஆம் தேதி, சனி, கடைசிப் படத்துக்கு முன்னால்.

டீ நல்ல டீ.

ஆகஸ்ட் 6, புதன்

வாசகசாலை, 11 முதல் 12. தினமும் இதே நேரம் என்று கவிதாவிடம் சொல்லியாயிற்று.

மொத்தம் ஏழு சண்டைக்காரர்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லை. நானே வைத்தேன். நீலப் பாவாடை (என்னுடையவள்). கரடித் தோள். குடைக்காரர். மற்றவர்கள் நாளைக்கு.

பதினொரு ஆட்டம். பதினொன்றும் தோல்வி. எதிரில் ஆடியது வெறும் பெட்டி. கட்டைவிரலில் கொப்புளம்.

இவர்: "ஏம்புள்ள, அறுபத்தஞ்சு வயசுல குஸ்தியா?"

"அறுபத்தி நாலு."

ஆகஸ்ட் 8, வெள்ளி

வழி கண்டுபிடித்தாகிவிட்டது. வாய்ப்பாடு மாதிரிதான். ஏழேழு நாற்பத்தொன்பது என்று யோசித்தா சொல்கிறோம்? நாலு கோடு நோட்டு வாங்கி எழுதினேன்:

கீழ், வலது, குத்து = தீப்பந்து.
வலது, வலது, உதை = பாய்ச்சல்.
இடதை அழுத்திப் பிடித்தால் தடுப்பு.

குளிக்கும்போது, சாம்பார் கொதிக்கும்போது, சத்தமாக ஒப்பித்தல். இவர் ஹாலிலிருந்து, "கீழே என்ன விழுந்துச்சு?"

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் இரண்டாவது படம். சுவரில் வெள்ளை வேட்டி, அதில் நீலப் பாவாடை ஆள் உயரத்துக்கு. பேசுவது ஜப்பான் மொழி, கீழே இங்கிலீஷ். பாதிக்கு மேல் படிப்பதற்குள் ஓடிவிட்டது.

ஜமீலா முன் வரிசை. பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை. நான் பின்னால். நீலப் பாவாடை மலையிலிருந்து விழுந்தபோது கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்தது. ஜமீலா மட்டும், "காலு வெக்கத் தெரியல அவளுக்கு." கடை நடத்தின நாளில் எத்தனை ஆயிரம் ஆட்டம் பார்த்திருப்பாள்.

பயம்தான். ஆனாலும் விடுவதாக இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெட்டியை ஜெயித்தேன். தீப்பந்து நாலு. கவிதா கை தட்டினாள். பேப்பர் படிக்க வந்தவர் முறைத்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆறில் ஐந்து வெற்றி. இவர் மாத்திரை மறந்துவிட்டேன், சாயங்காலம் வாங்கினேன். நோட்டை மூடிவைத்தே சொல்ல வருகிறது.

ஆகஸ்ட் 16, சனி

உடனே எழுதிவிட வேண்டும்.

கூட்டம் நாற்பது பேர் இருக்கும். இவரும் வந்திருந்தார், சட்டை எல்லாம் இஸ்திரி போட்டு. இரண்டு ஸ்டூல். ஜமீலா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். கரடித் தோளை எடுத்தாள்.

முதல் ரவுண்டு. நான் இடது பக்கம், அவள் வலது. தீப்பந்து, தீப்பந்து, பாய்ச்சல். கரடித் தோளுக்கு உயிர் ஒரு நூல்தான் பாக்கி. பின்னால் யாரோ, "டீச்சர் கொன்னுட்டாங்கடா." அந்த நேரம் கரடித் தோள் எம்பிக் குதித்து என் தலைக்கு மேலே தாண்டி அந்தப் பக்கம் இறங்கினான். நான் கீழ், வலது, குத்து. ஒன்றும் வரவில்லை. கீழ், வலது, குத்து. நீலப் பாவாடை சுவரைப் பார்த்து நடந்து போனாள். முதுகில் அடி. முடிந்தது.

இரண்டாவதில் எடுத்த எடுப்பிலேயே தாண்டிவிட்டாள். அரை நிமிஷம் கூட இல்லை.

இவர்: "ரிமோட்டு கெட்டிருக்குமோ?"

ஜமீலா என் மடியிலிருந்த நோட்டை எடுத்தாள். புரட்டினாள். கவிதாவிடம் பேனா வாங்கி, "வலது" என்று இருந்த இடமெல்லாம் கோடு போட்டு அடித்தாள். என் நோட்டில் இதுவரை யாரும் கோடு போட்டதில்லை.

"வலதுன்னு ஒண்ணும் கெடையாதுங்க டீச்சர். எதிராளி எந்தப் பக்கமோ அதுதான் முன்னால. எதிர்ல இருக்கறவ எங்கன்னு பாக்கோணும். பாக்காம மனப்பாடம் பண்ணுனா இப்படித்தான்."

"அன்னைக்கும் பாக்கல, ஜமீலா. உன் கடைப் படியே ஏறாம மனு எழுதுனேன். தப்பு."

அவள் நோட்டை மூடி என் மடியில் வைத்தாள். பிறகு, "ஜெயிச்சாத்தானுங்க கேக்கறதாச் சொன்னேன்."

விளக்கை அணைத்துவிட்டார்கள். படம். நான் பின் வரிசைக்குக் கிளம்பினேன். ஜமீலா பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். உட்கார்ந்தேன். படம் என்ன கதை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காற்று குறைவு. 9.10 பொள்ளாச்சி பஸ். அங்கிருந்து மூணாறு வண்டி, பிறகு தேவிகுளம். மகள் சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டாள். வழிக்குத் தக்காளி சாதம், ஊறுகாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். சக்கரை, மழை, எதுவும் பேசவில்லை.

பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டி:

"ருக்கு, பொங்கலுக்கு வர்றேன். அப்ப ஜெயிச்சுட்டுச் சொல்லு, கேக்கறேன்."

கரண்ட் ஆபீஸ் இன்னும் போகவில்லை. புது நோட்டு வாங்கியாயிற்று. வாசகசாலை ஞாயிறு லீவு, கவிதாவிடம் சாவி வாங்கினேன். 11 முதல் 12:

கீழ், முன், குத்து.
முன், முன், உதை.
தாண்டினால்...